சப்பாத்தைக் கையில் பிடித்த மாப்பிள்ளை

அந்தப் பழைய எகிப்தியப் படத்தில் மாப்பிள்ளை, கல்யாணத்தன்று சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு பால்கனி வழியாக நழுவப் பார்ப்பான். மணப்பெண் கண்டுவிடுவாள். "அம்மா சாப்பாட்டோட பாத்துக்கொண்டிருக்கிறா" என்பான்; கையிலிருந்த சப்பாத்து கீழே விழும். என் மாலை அரபு வகுப்புக்காக அந்தப் படத்துக்கு, திரையின் அடியில் ஓடும் வசனவரியை நான் தமிழில் எழுதினேன். சப்பாத்து கீழே விழும்போதே சிரிப்பும் வந்துவிட வேண்டும், வரி நீளக் கூடாது என்பார் எங்கள் கெய்ரோ ஆசிரியை.

மாப்பிள்ளையின் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினேன். அழித்தேன், திரும்பவும் எழுதினேன்.

"நான் விட்டிட்டுப் போகேல்லை. உமக்கு வழி விட்டு நிக்கிறன்."

எங்கள் கல்யாண அழைப்பிதழ் அடித்த பிறகு, ஒரு கோப்பிக் கடை வாசலில், கார் எஞ்சினை நிறுத்தாமலே கிளிபோட் என்னை விட்டுப் போகும்போது சொன்னது அது. இது மொழிபெயர்ப்பா, களவா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒரு மண்டபமே அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அஜின்கோர்ட் தேவாலய மண்டபத்தில் படம் போட மாதர் சங்கம் கேட்டபோது அதற்காகவே ஒத்துக்கொண்டேன். அவனுடைய அம்மாதான் சங்கத் தலைவி. அவன் வராமல் இருக்க முடியாது.

ஆவணியில் கட்டப்போகும் ஸ்டெபனியோடு வந்தான். எனக்கு நேர் முன்வரிசையில் உட்கார்ந்தான்.

"இன்னும் உந்தப் பழைய படங்களோடதானோ, நிலாணி?"

"ஓம். உமக்கும் பிடிக்கும், பாரும்."

அங்கே ஒருவருக்கும் அரபு தெரியாது. ஆனாலும் முதல் காட்சியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வரி வந்தது. சப்பாத்து விழுந்தது. மண்டபம் அதிர்ந்தது.

"உவனைப் போல ஒருத்தன் எங்கட வீட்டுக்கும் மருமகனா வர இருந்தவன்!" என்று பின்வரிசையிலிருந்து அமிர்தநாதர் அங்கிள் கத்தினார்.

எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது கிளிபோட்தான். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். அவனுக்கு நினைவே இல்லை. நான் ஒவ்வொரு சொல்லாகப் பொத்தி வைத்திருந்ததை, அவன் சொன்ன அன்றே மறந்திருக்கிறான்.

ஸ்டெபனி சிரிக்கவில்லை. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நத்தாருக்கு முதல் என்னை விட்டிட்டுப் போய்த் திரும்பி வந்தனீர், போகேக்க உந்த வரியைத்தானே சொன்னனீர்?"

அவன் கை தொடைக்கு மேலேயே நின்றது.

அவளை நோகடிக்க நான் நினைத்திருக்கவில்லை. படத்தை நிறுத்தும் பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. நான் அழுத்தவில்லை. திரையில் மணப்பெண், வாத்தியக்காரர்களை இன்னும் பலமாக வாசிக்கச் சொன்னாள். கதிரைக்குக் கீழே கழற்றி விட்டிருந்த சப்பாத்துகளை ஸ்டெபனியின் கால்கள் இருட்டில் தேடிக்கொண்டிருந்தன.