ஒரு கடைக்கு ஒரு பண்டம்

கிரிஸ்பி கார்ன் என்ற பண்டத்தை முதன்முதலில் எண்ணெயில் போட்டவன் யாரோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் ஞானசேகரன் சும்மா விடமாட்டார். சோளத்தை உதிர்த்து, மாவில் புரட்டிப் பொரித்து, மேலே மிளகாய்த் தூளும் வெங்காயத் தாளும் தூவி, ஒரு குட்டி இரும்புச் சட்டியில் கொண்டுவந்து வைக்கிறார்கள். இந்திராநகரில் அதே சட்டி. சர்ச் ஸ்ட்ரீட்டில் அதே சட்டி. ராஜாஜிநகரிலும் அதே சட்டிதான். பதினான்கு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் அதைத் தின்று அவருக்கு நாக்கே மரத்துப்போய்விட்டது.

பப்புகள் மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கே போனாலும் பூசாத செங்கல் சுவர், கயிற்றில் தொங்கும் மொட்டை பல்பு, யாரும் ஓட்டாத ஒரு சைக்கிள். பெயர்தான் வேறு வேறு. உள்ளே போய் உட்கார்ந்தால் அதே சில்லி பன்னீர், அதே பெரி பெரி ஃப்ரைஸ், அதே நாச்சோஸ். ஊரிலுள்ள அத்தனை பேரும் ஒரே பையனின் விடைத்தாளைப் பார்த்துக் காப்பியடித்த மாதிரி இருக்கும்.

இந்தக் கூத்தெல்லாம் ஞானசேகரன் ஆசைப்பட்டு வந்ததல்ல. சீனிவாசராகவனால் வந்தது. ஜோகுபாளையத்துக் கத்தோலிக்கர் ஞானசேகரனும், மல்லேஸ்வரத்து ஐயங்கார் சீனிவாசராகவனும் ஒரே நாளில் டெலிபோன் இலாகாவில் சேர்ந்து, ஒரே வருஷத்தில் ரிடையர் ஆனவர்கள். இருவருக்கும் அறுபத்து நான்கு வயது. இருவரும் ஒரு சொட்டு பியர் தொடாதவர்கள். அப்படிப்பட்ட இரண்டு பேர் பட்டப்பகலில் பப்பில் உட்கார்ந்து லைம் சோடா உறிஞ்சிக்கொண்டிருந்தால் பக்கத்து மேசைப் பிள்ளைகள் பார்க்காமல் என்ன செய்வார்கள்?

இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று தீர்மானித்துத்தான் ஞானசேகரன் சட்டையை மாட்டினார். அடுத்த வாரம் முதல் வரமாட்டேன், அவ்வளவுதான். போனில் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தார். மனைவி பிரிஜெட் விடவில்லை.

"முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். போன்லயா சொல்லுவீங்க? நேர்ல போய் மூஞ்சியப் பாத்து சொல்லிட்டு வாங்க" என்றாள்.

முப்பத்தெட்டு வருஷம். அந்தக் காலத்தில் சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் ஆபீசை விட்டு இறங்கியதும் ராகவனின் ஸ்கூட்டர் உறுமும். ராகவன் ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஒரு கடைக்கு ஒரு பண்டம். "இட்லி ஊத்தற கை வேற, காபி கலக்கற கை வேறடா. ஒரே எடத்திலே ரெண்டு சாப்பிடறவன் ஒண்ணுலே ஏமாந்துதான் போவான்" என்பார். ஆகவே அல்சூரில் தட்டு அகலத்துக்குத் தட்டே இட்லி, தொம்மலூர் பழைய ஊருக்குள் ஒரு வீட்டு வாசல் கடையில் அரிசி மாவில் தட்டிய அக்கி ரொட்டி, அங்கிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து மல்லேஸ்வரத்தில் காபி, அதுவும் பை டூ, ஒன்றை இரண்டாகப் பங்கிட்டு. ஞானசேகரனுக்காக நடுவில் ஒரு மிலிட்டரி ஓட்டலும் உண்டு. அவர் உள்ளே மட்டன் சாறில் குஷ்காவைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, ராகவன் எதிர்ப் பெட்டிக்கடையில் மோர் குடித்தபடி நின்று, "முடிஞ்சுதா, இல்லே எலும்பையும் கட்டிண்டு வரப்போறியா?" என்று சத்தம் போடுவார்.

அந்தச் சனிக்கிழமைகளில் ஞானசேகரனுக்கு மிகவும் பிடித்தது சாப்பாடுகூட இல்லை. ராகவன் போர்டு படிப்பதுதான். ஞானசேகரன் படித்தது கண்டோன்மென்ட் பள்ளியில், இங்கிலீஷும் தமிழும். கன்னடம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், எழுத்து என்றால் பஸ் போர்டு அளவுக்குத்தான். ஓட்டல் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் வளைத்து வளைத்து எழுதியிருப்பதைப் பார்த்தால் அவருக்கு ஜிலேபி ஞாபகம்தான் வரும். ராகவன் பக்கத்தில் நின்று படித்துச் சொல்வார். வெறுமனே படிக்க மாட்டார். "ஷாவிகே பாத். இதைத் தொடாதே, காலம்பறச் சேமியாவை மறுபடி தாளிச்சிருப்பான். கோளிபஜே, மைதா போண்டா. இதுக்குப் பத்து நிமிஷம் நிக்கலாம், எண்ணெய் புதுசு, வாசனையே சொல்றது. மங்களூர் பன்ஸ். வாழைப்பழம் நன்னாக் கனிஞ்சிருந்தா உன் அதிர்ஷ்டம்." கேட்கும்போதே பாதி வயிறு நிறைந்துவிடும்.

அந்தக் கடைகளில் பாதி இன்று இல்லை என்பது உண்மைதான். ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே! அப்படியே இருக்கிறதே! அதைத்தான் ஞானசேகரனால் பொறுக்க முடியவில்லை. போன வருஷம் திடீரென்று ஒரு நாள் ராகவன் போன் செய்து, "இந்த வாரம் இந்திராநகர் மெட்ரோ பக்கத்திலே ஒரு பப் இருக்கு, அங்கே வா" என்றார். அதற்குப் பிறகு எல்லாமே பப்புதான், எல்லாமே மெட்ரோ பக்கத்தில்தான். பழைய கடைக்குப் போகலாம் என்று சொன்னால், கூட்டம் என்பார், நிற்க முடியாது என்பார். மகன் ஷ்ரேயாஸ் புனேயில் பெரிய கம்பெனியில் இருப்பதால் அப்பாவுக்கும் அந்தஸ்து ஏறிவிட்டது என்று ஞானசேகரன் தனக்குள் பொருமிக்கொண்டார். இப்போதெல்லாம் வாசலில் நின்று கை ஆட்டினால்கூட மனுஷன் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் போய்க் கூப்பிட்ட பிறகுதான் "வாடா ஞானம்" என்பார்.

இன்றும் அப்படித்தான் நடந்தது. இந்திராநகர் பப்பில், ஜன்னல் ஓர மேசையில் ராகவன் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். ஞானசேகரன் எதிரில் போய் நின்றார். ராகவன் அவரைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராகவா."

"வாடா ஞானம், உக்காரு. வெயில் எப்படி?"

"வெயில் கெடக்குது. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லலாம், சொல்லலாம். முதல்லே ஆர்டர் பண்ணிடுவோம்." ராகவன் கையைத் தூக்கினார். பணியாள் ஒருவன் வந்து, மேசையில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டத்தை போனில் ஸ்கேன் செய்யச் சொன்னான். "அதெல்லாம் வேண்டாம்ப்பா. ஒரு கிரிஸ்பி கார்ன், ரெண்டு லைம் சோடா" என்றார் ராகவன் வழக்கம்போல.

ஞானசேகரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ரெண்டு சோடா மட்டும் எடுத்துட்டு வா. மெனு கார்டு ஒண்ணு கொண்டா" என்று அவனை அனுப்பினார். கார்டு வந்ததும் ராகவன் பக்கம் தள்ளினார். "கார்ன் வேணாம். வேற என்னா இருக்குன்னு படி. எப்பவும் நீதான படிப்பே? படி."

ராகவன் கார்டைக் கையில் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, விரலை ஓட்டிப் படிக்கத் தொடங்கினார்.

"சில்லி பன்னீர். இது வேண்டாம், ரப்பர் மாதிரி இருக்கும். ஹனி சில்லி பொடேட்டோ. உருளைக்கிழங்குக்குத் தேனாபிஷேகம் பண்ணியிருப்பான். பெரி பெரி ஃப்ரைஸ். உனக்கு ஆகாது, நெஞ்சு கரிக்கும்பே. லோடட் நாச்சோஸ். இது நம்ப ஊர் தட்டை, மேலே கஞ்சி மாதிரி என்னத்தையோ கொட்டித் தருவான்..."

பழைய குரல். அதே கிண்டல், அதே நிறுத்தம். ஞானசேகரனின் கோபம் பாதி இறங்கிவிட்டது. அப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! அவரை அறியாமல் நாற்காலியை நகர்த்தி, அந்தக் காலத்தில் போர்டுக்கு எதிரே நின்றது போல ராகவனின் தோளோடு தோளாக உட்கார்ந்து, அவரும் கார்டைப் பார்த்தார்.

கார்டில் சில்லி பன்னீர் இல்லை. நாச்சோஸ் இல்லை. சாப்பிடுகிற சமாச்சாரம் ஒன்றுகூட இல்லை. அது பியர் கார்டு. கொட்டை எழுத்தில் ஆறே ஆறு பியர் பெயர்கள்தான் இருந்தன. ராகவனின் விரல் அந்த ஆறையும் தாண்டி, கார்டையும் தாண்டி, வெறும் மேசைப் பலகையில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"மார்கரிட்டா பிட்சா..." என்றார் ராகவன்.

ஞானசேகரன் அந்த விரல்மேல் தன் கையை வைத்தார்.

"எத்தினி நாளாய்யா?"

ராகவன் கார்டை மெதுவாகக் கீழே வைத்தார். மறுப்பார் என்று ஞானசேகரன் நினைத்தார். அவர் மறுக்கவில்லை.

"ஒன்றரை வருஷம். நடுவிலே ஒரு கறை விழுந்துடுத்து, ரெண்டு கண்ணிலேயும். சுத்தி எல்லாம் தெரியறது. படி தெரியறது, ரோடு தெரியறது. எதைப் பார்க்கணும்னு பார்க்கறேனோ அது மட்டும் தெரியறதில்லே. உன் சட்டை தெரியறது, காது தெரியறது. மூஞ்சி இல்லே. ஊசி போட்டா, மூணு தடவை. இதுக்கு மேலே போகாம நிறுத்தலாம், போனது திரும்பி வராதுன்னுட்டார் டாக்டர்."

"எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"ஆத்திலே ஜெயலக்ஷ்மிக்கு மட்டும்தான் தெரியும். ஷ்ரேயாஸ் காதிலே விழுந்தா, கிளம்புங்கோ புனேக்குன்னுடுவான். அங்கே போய் நான் என்னடா பண்ணுவேன்? எனக்கு இந்த ஊர் வேணும். மெட்ரோவிலே ஸ்டேஷன் பேர் சொல்றான், ஏறி இறங்கிடுவேன். போர்டைத்தான் என்னாலே ஒண்ணும் பண்ண முடியலே. நம்ம கடைகள்லே தினம் ஒண்ணு மாத்தி எழுதறான். அது எதிர்லே நான் நின்னு முழிச்சா நீ கண்டுபிடிச்சுடுவே." ராகவன் சற்று நிறுத்திவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். "ஷ்ரேயாஸ் லீவிலே வந்திருந்தப்போ, பிறந்தநாளுக்கு ஒரு பப்புக்கு அழைச்சுண்டு போனான். ஜெயலக்ஷ்மி மெனுவைப் படிச்சுச் சொன்னா. அடுத்த மாசம் இன்னொரு பார்ட்டி, இன்னொரு பப்பு, அட்சரம் பிசகாம அதே மெனு. அன்னிக்கே முடிவு பண்ணினேன். இந்தப் பெங்களூர்லே எனக்கு மனப்பாடமா இருக்கிற ஒரே மெனு இதுதான். இங்கே வந்தா நான் பழைய ஆள் மாதிரியே இருக்கலாம்."

பதினான்கு மாதத்து கிரிஸ்பி கார்னும் ஞானசேகரனின் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. மனுஷனைப் பற்றி என்னென்ன நினைத்தோம் என்று எண்ணி வெட்கப்பட்டார். கண் கலங்கியது. ராகவனுக்குத் தெரியாதுதான் என்றாலும் முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டார்.

"எந்திரி" என்றார்.

"எங்கே?"

"மல்லேஸ்வரம். மூணு மணிக்கு டிபன் போடுவான்ல, உங்க எட்டாவது கிராஸ்காரன்?"

"போர்டை யார் படிக்கறது?"

"நான் படிக்கிறேன், வாய்யா."

மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சம்பிகே ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தார்கள். ராகவன் யார் கையையும் பிடிக்கவில்லை. நடைபாதையில் எங்கே கல் பெயர்ந்திருக்கிறது என்று அவர்தான் ஞானசேகரனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். எட்டாவது கிராஸ் ஓட்டலில் நல்ல கூட்டம். காசாளருக்குப் பின்னால் அதே பழைய கரும்பலகை, வளைந்து வளைந்து அதே ஜிலேபிகள்.

ஞானசேகரன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பஸ் போர்டுகளில் கற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, கூட்டம் முழுவதும் கேட்கும்படி உரக்க ஆரம்பித்தார்.

"அ... க்கி... ரொட்... ரொட்டி. அக்கி ரொட்டி!"

"வேண்டாம். அதுக்கு தொம்மலூர்தான். மேலே படி."

"சௌ... சௌ... பாத்."

"உப்புமாவும் கேசரியும் காலம்பறப் பண்டம். இப்போ ஆறிப்போய் நிக்கும். அடுத்தது."

அடுத்தது நீளமாக இருந்தது. ஞானசேகரன் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டார். வியர்த்தது. பின்னால் நின்ற ஓர் அம்மாள் பொறுமையிழந்து, "பேக ஸார்" என்றாள். ராகவன் அவள் பக்கம் திரும்பி, "ஓத்லி பிடிம்மா, ஒந்தனே கிளாஸு" என்றார். படிக்கட்டும் விடுங்கள், பிள்ளை ஒன்றாம் வகுப்பு. வரிசையே சிரித்தது. காசாளரும் சிரித்தார். ஞானசேகரனுக்குக் காது சிவந்துவிட்டது, ஆனால் விடவில்லை.

"கோ... ளி... ப... ஜே!"

ராகவன் தலையைச் சற்றுத் தூக்கி மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்தது.

"எண்ணெய் புதுசு. வாங்கு."

ஒரு தட்டுதான் வாங்கினார்கள், சட்டப்படி. வாசல் திண்டில் தட்டை வைத்து, சுடச்சுட ஆளுக்கு மூன்று. வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும், தேங்காய்ச் சட்னியில் இஞ்சி சற்றுத் தூக்கலாகவும் இருந்தது. ஞானசேகரனின் மரத்த நாக்கு விழித்துக்கொண்டது.

காபிக்கு வேறு கடை, இரண்டு தெரு தள்ளி. நடக்கும்போது ராகவன் கேட்டார்: "ஏண்டா, அங்கே வந்ததும் என்னமோ சொல்லணும்னியே? என்ன அது?"

ஞானசேகரன் நாலு அடி நடந்தார்.

"ஒண்ணும் இல்ல. அடுத்த சனிக்கிழமைலேர்ந்து நானே மல்லேஸ்வரம் வந்துர்றேன்னு சொல்ல வந்தேன்."

ராகவன் நின்று, ஞானசேகரனின் காதுக்கு அருகே எங்கேயோ பார்த்தார்.

"பொய் சொல்றே. மூஞ்சி தெரியலேன்னா பொய்யுமா தெரியாது?" என்றார். பிறகு மறுபடி நடக்கத் தொடங்கினார். "காலம்பற எட்டு மணிக்கே வந்துடு. இங்கத்துக் கடையிலே தட்டே இட்லி எட்டரைக்கு மேலே கிடைக்காது."