டீடிபார்ட்மென்ட்

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அம்மாவின் கைப்பையிலிருந்து ஒரு காகிதம் அவளுடைய மேலதிகாரியின் மேசைக்குப் போகிறது. அதில் இருப்பது என் பெயர். ஒன்பதரைக்கு அம்மாவின் கையில் வேலைநீக்க நோட்டீஸ் இருக்குமா என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை. நீ யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாய் என்று நம்பிச் சொல்கிறேன்.

நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போட்டேன். அப்போது எனக்குப் பதினாலு வயது.

எங்கள் பண்ணையின் வடக்கு மேய்ச்சல் நிலத்துக்குக் கீழே யுரேனியம் இருக்கிறது. இப்போதெல்லாம் யாரும் சுரங்கம் தோண்டுவதில்லை. குழாய் இறக்கி, சோடா உப்பும் ஆக்சிஜனும் கலந்த தண்ணீரை உள்ளே விட்டு, பாறையில் இருப்பதைக் கரைத்து மேலே உறிஞ்சிவிடுகிறார்கள். எடுத்து முடித்ததும் கம்பெனி நிலத்தடித் தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் மாடுகள் குடிக்கும் காற்றாலைக் கிணறு, கம்பெனியின் வேலியிலிருந்து ஒரு கல்லெறி தூரம். அதனால் அந்த விதி எங்களுக்கு முக்கியம்.

அந்த விதியைக் கையில் வைத்திருந்தது வாஷிங்டனில் இருந்த, அணு விஷயங்களைக் கவனிக்கும் கமிஷன். அப்பாவுக்கு வாஷிங்டன் என்றாலே வயிற்றெரிச்சல். "மாட்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரியாதவன் டை கட்டிக்கிட்டு வந்து என் கிணத்தை எட்டிப் பாக்கறான்!" என்பார். 'நம்ம தண்ணி, நம்ம மாநிலம்' என்று வண்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். கம்பெனிக்கும் அதே ஆசைதான். வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் போட்டால் பதில் வர இரண்டு வருஷம். உள்ளூர் அதிகாரி என்றால் வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்டுவிடலாம். அப்பாவும் கம்பெனியும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் வாஷிங்டன், விதியை மாநிலத்திடமே ஒப்படைக்கச் சரி என்றது. ஒரே ஒரு நிபந்தனை. மாநிலத்தின் விதிகள் கமிஷனுடைய விதிகளைவிட ஒரு மயிரிழைகூடக் குறையக் கூடாது.

புதிய டிபார்ட்மென்ட் ஒன்று பிறந்தது. அதற்குத் தலைவர் பாய்ட் ரென்ஃப்ரோ. அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், அலுவலகத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவர். அவருக்குக் கீழே அம்மாவும் ஒரு காப்பி இயந்திரமும். மாடுகளை மட்டும் நம்பி யாருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்காது என்பதால் அம்மா அந்த வேலைக்குப் போனாள்.

"குறையக் கூடாதாம்ல? அப்ப அப்படியே எடுத்துப் போட்டுடு, கோரீன்," என்றாராம் பாய்ட். "கமிஷன்னு இருக்கற எடத்துல எல்லாம் டிபார்ட்மென்ட்னு மாத்திடு. அவ்ளோதான், சுதந்திரம்!"

நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். அந்த வாரம் பனிப்புயல், மாடுகள் கன்று போடும் நேரம் வேறு. அம்மா தோள்பட்டை வரை ஒரு கிடாரிக்குள் கையை விட்டுக்கொண்டே கொட்டகையிலிருந்து கத்தினாள். "ஜூனி! என் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தச் சொல்லை மாத்தி விடுடி. காலையில அனுப்பணும்!"

அலுவலகக் கம்ப்யூட்டரை வெளியாள் தொட்டால் வேலை போய்விடும் என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஆனால் கன்றின் பின்கால்தான் முதலில் வந்துகொண்டிருந்தது. நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு இடங்களில் மாற்றப்பட்டது' என்று வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. சில்லிக் குழம்பைச் சூடு பண்ணி, இலவங்கப்பட்டை ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

கமிஷன் என்ற சொல் தனியாக மட்டும் குடியிருப்பதில்லை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆலையை மூடி, இடத்தைத் துப்புரவாக்கி ஒப்படைப்பதற்கு அவர்கள் பாஷையில் டீகமிஷன் என்று பெயர். அது அறுபத்து மூன்று இடங்களில் டீடிபார்ட்மென்ட் ஆகிவிட்டது.

யாராவது பார்த்திருப்பார்கள் என்றுதானே நீ நினைப்பாய்? மாநில வக்கீல்கள் இரண்டு முத்திரை குத்தினார்கள். வாஷிங்டன் பதினோரு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்து ஒரே ஒரு குறை சொன்னது. பக்க எண்கள் மேலே இருக்கின்றனவாம், கீழே இருக்க வேண்டுமாம். அதைச் சரிசெய்ததும் கைமாற்றும் விழா நடந்தது. யுரேனியத் தூளுக்கு மஞ்சள் கேக் என்று பெயர் என்பதால் கம்பெனி வழக்கம்போல் ஒரு மஞ்சள் கேக்கைக் கொண்டுவந்தது, எல்லோரும் வழக்கம்போல் சிரித்தார்கள். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அம்மா மட்டும் ஒருநாள் பாய்டிடம் கேட்டிருக்கிறாள், இந்த டீடிபார்ட்மென்ட் என்றால் என்னவென்று.

"அதெல்லாம் அணு விஞ்ஞானம், கோரீன். வாஷிங்டன்காரன் எதையும் நாலு எழுத்துல சொல்ல மாட்டான்."

பிறகு அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். தலைநகரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்து 'டீடிபார்ட்மென்டிங்: ஓர் அறிமுகம்' என்று ஒருநாள் பயிற்சி வைத்தார். நிபுணர் ஆறு மணி நேரம் பேசினார். பதினாலு பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது. அம்மாவின் சான்றிதழைச் சட்டம் போட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே அப்பா மாட்டினார். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. பால் எடுக்கப் போனாலும் அது என்னைப் பார்க்கும். இரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் எங்கள் வேலியோரம் இருந்த கம்பெனியின் குழாய்க் கிணறுகளில் எடுக்க வேண்டியதை எடுத்து முடித்தார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆட்கள் வருவார்கள் என்று அப்பா காத்திருந்தார். வந்தது ஒரு கடிதம். கிணறுகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டுக் கம்பெனி புறப்படுகிறதாம், 'விதி நாற்பதின்படி' வேறு கடமை எதுவும் இப்போதைக்கு இல்லையாம்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம். அப்பா முதல் வரிசையில். கம்பெனி வக்கீல் மிஸ் ப்ரூயிட், பாய்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணியை எப்பம்மா சுத்தம் பண்ணித் தருவீங்க?" என்று அப்பா கேட்டார்.

"விதி என்ன சொல்லுதோ அன்னிக்கு, சார்," என்று அவள் சிரித்தாள். "டீடிபார்ட்மென்ட் ஆன நாள்லேர்ந்து இருபத்துநாலு மாசத்துக்குள்ள."

"அது என்னிக்கு?"

"டிபார்ட்மென்ட்னா யாருன்னு முதல் பக்கத்துலயே இருக்கு. இதோ, இவங்கதான்." பாய்டின் தொப்பியைக் காட்டினாள். "அதுக்கு முன்னால வர்ற 'டீ'ன்னா நீக்கறது. இவங்களை என்னிக்கு நீக்கறாங்களோ, அன்னிக்கு நாங்க வேலையை ஆரம்பிப்போம்."

பாய்ட் தன் விதிப்புத்தகத்தை முதன்முதலாகப் புரட்டினார்.

"ஏய் பாய்ட்," என்றார் அப்பா, "நீ இருக்கற வரைக்கும் என் தண்ணி நாறிக்கிட்டே இருக்கும்கறாளே?"

"வெர்ல், இது ஒரு தொழில்நுட்பச் சொல்லுப்பா..."

"தொழில்நுட்பமாவது மண்ணாவது! என் பொண்டாட்டி சர்டிஃபிகேட் வாங்கியிருக்கா, அவளுக்கே தெரியல. உன்னை நீக்கினாத்தான் தண்ணி வரும்னா, நீக்கிட வேண்டியதுதானே? யாரெல்லாம் இதுக்கு ஆதரவு? கையைத் தூக்குங்க!"

மாநிலம் வேண்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன் தூக்கிய அதே கைகள் மேலே போயின. கம்பெனி ஆட்களில் இரண்டு பேர்கூடப் பழக்கதோஷத்தில் தூக்கிவிட்டுக் கீழே இறக்கினார்கள்.

பாய்ட் தொப்பியைக் கழற்றினார். நான் அவர் தலையைப் பார்த்தது அன்றைக்குத்தான். "இது வாஷிங்டன் சதி!" என்று கத்தினார். "போகும்போது வேணும்னே இதை நட்டுட்டுப் போயிருக்கானுங்க!" அதற்கும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. வாஷிங்டன் தாங்கும். அதற்குப் பழகியிருக்கும்.

ஆனால் கூட்டம் கலையும்போது பாய்ட் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். "புது விதி போட ஒன்றரை வருஷம் ஆவும். அதுக்குள்ள இவனுங்க சிமெண்ட் ஊத்திட்டுக் கிளம்பிருவானுங்க. தட்டச்சுப் பிழைன்னா ஒரே நாள்ல திருத்தலாம். அடிச்சவங்க நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணி, வெள்ளிக்கிழமைக்குள்ள நம்ம படிவத்துல எழுதிக் கொடுக்கணும். நீதான அடிச்ச?"

"ஆமா," என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவில்லை.

புதன் ராத்திரி அந்தப் படிவம் சமையலறை மேசையில் கிடந்தது. 'தட்டச்சு செய்தவர்' என்ற இடத்தில் கோரீன் ஹாஸ்கெல் என்று பென்சிலால் எழுதியிருந்தாள். பொய்ச் சத்தியம் செய்தால் ஜெயில் என்று அதற்குக் கீழேயே அச்சடித்திருந்தது. உண்மையை எழுதினால் வேலை போகும். எழுதாமலே விட்டால் கிணறு போகும்.

அதனால் இன்று பள்ளிக்கூடம் விட்டதும் படிவத்தை எடுத்துக்கொண்டு தீவனக் கடைக்குப் போனேன். எங்கள் ஊருக்கு நோட்டரி தீவனக் கடை வில்மா அத்தைதான். உப்புக் கட்டிகளுக்கும் கன்றுப்பால் பவுடருக்கும் நடுவில் முத்திரையை வைத்திருப்பாள். பென்சிலை அழித்துவிட்டு என் பெயரை எழுதினேன். வீட்டில், அம்மாவின் கம்ப்யூட்டரில், பதினாலு வயதில், பொத்தானை அழுத்தியது நான்தான் என்று எழுதினேன். அவசரத்தில் ஹாஸ்கெலில் ஒரு எழுத்து விழுந்துவிட்டது.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க? எவன் கூடயாவது ஓடிப் போறியா?"

"இல்ல அத்தை. படிச்சுப் பாருங்க."

"நான் எதுக்குப் படிக்கணும்? கையெழுத்து உன்னுதான்னு சொல்றதுதான் என் வேலை. லைசென்ஸைக் காட்டு. கையைத் தூக்கு. நிஜந்தானா? சரி, போடு." முத்திரையைக் குத்தினாள். கீழே ஒரு கோட்டில் எதையும் பார்க்காமல் 'அக்டோபர் 31' என்று எழுதினாள். "முப்பது வருஷமா இந்தக் கோட்டுல தேதி போடறேன். அக்டோபரோட முடியுது, புதுப்பிக்கணும். அம்மாகிட்ட கோழித் தீவனம் வந்திருச்சுன்னு சொல்லு."

வண்டியில் உட்கார்ந்துதான் அந்தக் கோட்டைப் படித்தேன். நோட்டரி போடும் எந்தக் காகிதத்திலும் அந்த வரி இருக்கும். நோட்டரிக்கு மாநிலம் கொடுக்கும் நியமனத்துக்கும் கமிஷன் என்றுதான் பெயர். 'எனது கமிஷன் காலாவதியாகும் நாள்' என்று இருக்க வேண்டும். ஆனால் இந்தப் படிவமும் அந்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களின் கடைசியில் இருந்தது. என் பொத்தான் அதையும் விடவில்லை.

'எனது டிபார்ட்மென்ட் காலாவதியாகும் நாள்: அக்டோபர் 31.' பக்கத்திலேயே மாநில முத்திரை, நீலத்தில்.

வீட்டுக்கு வந்து படிவத்தைச் சத்தம் போடாமல் அம்மாவின் பையில் வைத்தேன். பத்து மணிக்கு அவள் சாவி தேடும்போது அது கையோடு வந்துவிட்டது. நின்றபடியே படித்தாள். நான் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"நீ ஜெயிலுக்குப் போயிருவம்மா."

"இப்ப வேலை போயிருமே, அது பரவால்லியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அடுத்த வரியைப் படித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள்.

"ஜூனி. இது என்ன?"

"அதையும் நான்தாம்மா மாத்தினேன். தெரியாம."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா எழுந்துவிடக் கூடாது என்று மேசைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள்.

"பிழைன்னு ஒத்துக்கிட்டா அந்தப் ப்ரூயிட் தண்ணியைச் சுத்தம் பண்ணணும்," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "பிழை இல்ல, எழுத்துக்கு எழுத்து அப்படியேதான்னு நின்னா, அக்டோபர் முப்பத்தொண்ணோட டிபார்ட்மென்டே காலி. அப்பவும் சுத்தம் பண்ணணும். தீவனக் கடையில சத்தியம் பண்ணியிருக்கு, முத்திரையோட."

"உன் வேலை?"

"என்னை நீக்கணும்னா பாய்ட் முப்பது நாள் நோட்டீஸ் குடுக்கணும். அவன் டிபார்ட்மென்டுக்கே முப்பத்தஞ்சு நாள்தான் இருக்கு." படிவத்தை மடித்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "யாரு முன்னாடி போறோம்னு பாத்துருவோம். போய்ப் படு. காலையில நீயும் வர்ற. வண்டியை நீயே ஓட்டு."

பையிலிருந்து எடுத்திருந்த சாவியை என் பக்கம் தள்ளினாள்.