எட்டு நிமிட நோயாளி

ஆறாவது மாணவி உள்ளே வந்தபோது ஆபரேட்டரம்மாவுக்கு நாக்கு வறண்டிருந்தது. டெலிபோன் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மருத்துவக் கல்லூரித் தேர்வுகளில் நோயாளியாக நடிக்கிறார். இன்றைய வேடம், மனச்சோர்வில் தூக்கம் தொலைத்த பெண். ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம். மூலையில் மதிப்பெண் தாளுடன் பெண் டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்று மாணவர்கள் கேட்டாக வேண்டும். "சில நேரம் தோணும்" என்பது அவருடைய பதில். இதுவரை வந்த ஐந்து பேரில் ஒருவன் தாளைப் பார்த்தே கேட்டான். இன்னொருத்தி மென்று விழுங்கினாள். மற்றவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்தப் பெண்ணும் தடுமாறத்தான் செய்தாள். பசியைப் பற்றிக் கேட்க மறந்தாள். தூக்கத்தைப் பற்றி இரண்டு தடவை கேட்டாள். பிறகு குறிப்புத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

"அம்மா, உயிரோட இருக்கவே வேண்டாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். கண்ணை எடுக்கவில்லை.

ஆபரேட்டரம்மாவுக்கு மனப்பாடம் செய்த பதில் வாயில் வரவில்லை. தங்கை கடைசியாக வீட்டுக்கு வந்த மதியம் நினைவுக்கு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே மனதில் ஏதோ உறுத்தியது. கேட்டால் எங்கே அந்த நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயந்து, புடவை விலையையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் பேசி அனுப்பிவைத்தார். நான்காம் நாள் செய்தி வந்தது.

"உடனே சொல்லணும்னு இல்லைம்மா. நான் இங்கதான் இருக்கேன்."

"நான் ஒருத்திகிட்ட இதைக் கேட்காம விட்டுட்டேன்மா."

"யார்கிட்ட?"

"என் தங்கச்சிகிட்ட."

மணி அடித்தது. மணி அடித்தால் உடனே வெளியேற வேண்டும் என்பது விதி. மாணவி பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். டாக்டர் தலையசைத்த பிறகுதான், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

"தங்கச்சி நம்ம நோயாளி கதையிலயே இல்லையேம்மா" என்றார் டாக்டர் மெதுவாக.

"இல்லைங்க டாக்டர். தப்பு என்னுது. அந்தப் பொண்ணுக்கு மார்க்கைக் குறைச்சிடாதீங்க."

டாக்டர் தாளை ஓரமாக வைத்தார். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். மாணவி விட்டுப்போன நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"எப்படி இருப்பாங்க, உங்க தங்கச்சி?"

"சிரிச்சா ரெண்டு கண்ணும் மூடிக்கும். அப்போ எதிர்ல இருக்கிறதுகூடக் கண்ணுக்குத் தெரியாது அவளுக்கு. நாங்கதான் கையைப் பிடிச்சு உட்கார வைக்கணும்."

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழாவது மாணவன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, சத்தமில்லாமல் வணக்கம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான்.