நாலு ரோட்டில் ஏறுபவர்

“வேம்பு, செத்த அங்கயே நில்லு. ஒங்கண்ணன் கெளம்புறாங்க.”

கூடத்திலிருந்து அண்ணி செல்வம்மாளின் குரல் வந்தபோது வேம்பு ஒரு காலில் ஷூவை மாட்டிவிட்டு மறுகாலை நுழைத்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலுக்கு உள்பக்கமாகவே நின்றுவிட்டாள்.

“நேரமாச்சு அண்ணி. எட்டேகால் பஸ்ஸ விட்டா அடுத்தது ஒம்போதுக்குத்தான்.”

“ரெண்டு நிமிசம். எனக்கு இதுலல்லாம் ஒண்ணும் கெடையாது, ஒனக்கே தெரியும். ஒங்கண்ணன்தான் மனசுல எதாவது வச்சுக்குவாங்க.”

“எனக்கென்னடி இருக்கு?” வாசலில் செருப்பைத் தேடியபடி அண்ணன் ராஜராஜன் சொன்னார். “நீதான் சொன்ன.”

அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஜெயங்கொண்டம் போகிறார். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர் எதிரே, புருஷனைப் பறிகொடுத்த தங்கை வரக் கூடாது என்று அந்த வீட்டில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் தெரியாதவர்கள் இல்லை. செத்த நில்லு என்பார்கள், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் ஐந்தாவது உதையில் கிளம்பி, அதன் சத்தம் தெருமுனை திரும்பும் வரை வேம்பு நின்றாள். குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ் அதற்குள் போய்விட்டது.

அது 2003 பிப்ரவரி மாதம். அவள் பயிற்சி கொடுத்த கல்லூரிப் பெண்கள் முதல்முறையாக மண்டலக் கால்பந்து இறுதியாட்டத்துக்கு வந்திருந்தார்கள். ஆட்டம் அரியலூரில். இன்னும் இரண்டே நாள்.

கல்லூரித் தாளாளர் ராசாங்கம் முன்பு அரிசி ஆலை வைத்திருந்தவர். 1995இல் மகளிர் கல்லூரி திறந்த மறுவாரமே சுவரொட்டிகளில் ‘கல்வித்தந்தை’ ஆனார். அந்தப் பட்டத்தை வழங்கியது யார் என்று தேடிப் போனால் சுவரொட்டி அடித்த அச்சகத்தில்தான் போய் நிற்க வேண்டும். மைதானம் இல்லாவிட்டால் அங்கீகாரம் இல்லை என்றார்கள், மைதானம் வந்தது. மைதானத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள், வேம்பு வந்தாள். கூடைப்பந்துக்குச் சிமெண்டுத் தரை போட வேண்டும். கால்பந்துக்கு வேலிக்காத்தானை வெட்டினால் போதும். பெரம்பலூர்ப் பெண்களிடம் கால்பந்து வந்து சேர்ந்த வரலாறு இதுதான்.

முதல் வருடம் பெண்கள் பந்தை உதைத்துவிட்டு, காலில் பட்ட பாவத்துக்குக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள அதன் பின்னாலேயே ஓடினார்கள். அந்தப் பழக்கத்தை விடவைக்க வேம்புக்கு ஒன்பது மாதம் பிடித்தது. காலை ஐந்தரைக்கு மைதானம், மாலை ஆறு வரை மைதானம். நடுவில் கல்யாணமும் ஆனது. கணவன் குருநாதனுக்குச் சிமெண்டு ஆலையில் வேலை. இரண்டு வருடம் கழித்து, ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்தவனைச் சுண்ணாம்புக்கல் லாரி அடித்தது. வேம்பு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். பதினேழாம் நாள் மைதானத்துக்கும் வந்தாள்.

அதற்குப் பிறகு வந்த முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், கல்லூரி பஸ் டிரைவர் மணிவேல் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“மேடம், நாளைக்கு நீங்க நாலு ரோட்டுல நின்னீங்கன்னா ஏத்திக்கிறேன். காலேஜ்லேருந்து வண்டி கெளம்பையில தேங்கா ஒடச்சு, எலுமிச்சம்பழம்லாம் வச்சு…”

“சரி மணிவேல்” என்றாள். அன்று அவளுக்கு எதற்கும் மறுபேச்சுப் பேசுகிற தெம்பு இல்லை. அந்தச் ‘சரி’ ஐந்து வருடம் ஓடியது.

ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் அவள் டவுன் பஸ்ஸில் வந்து நாலு ரோட்டில் இறங்கி, கழுத்தில் விசிலும் தோளில் பையுமாக நிற்பாள். லாரிகள் வெள்ளைப் புழுதியை இறைத்துக்கொண்டு போகும். டீக்கடைக்காரர் சில நாள், “டீம் இன்னும் வரலியா?” என்பார். “வந்துக்கிட்டிருக்கு” என்பாள், ஏதோ வேறொருவருடைய டீமைப் பற்றிச் சொல்வதுபோல. சக்கரத்தில் எலுமிச்சைச் சாறு காயாமல் பஸ் வந்து நிற்கும். பெண்கள் முன் சீட்டைக் காலி செய்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து ஆடுகளம் வரை அவள்தான் கோச்.

டீம் ஜெயித்தது. ஒவ்வொரு வருடமும் ஒரு சுற்று கூடுதலாகப் போனது. பத்திரிகையில் படம் வந்தது. பஸ் புறப்படும்போது எடுத்த படம், ஆகவே அதில் வேம்பு இல்லை.

அன்று அவள் ஒன்பது மணி பஸ்ஸில் வந்து சேர்ந்ததும் தாளாளர் கூப்பிட்டுவிட்டார்.

“வழியனுப்பு விழா பெரிசா வைக்கிறோம். போட்டோக்காரர் வர்றார். பெண் விடுதலை பத்தி நானும் ரெண்டு வார்த்தை பேசறேன்.”

“நானும் இங்கேர்ந்தே பஸ் ஏறலாமா சார்?”

ராசாங்கம் மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். “எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கெடையாதும்மா. மேடையில எத்தன வாட்டி பேசியிருக்கேன். வூட்டுலதான்… பொம்பளைங்க மனசு ஒங்களுக்குத் தெரியாததா?”

காலையில் வீட்டில் கேட்டதும் இதே பேச்சுதான். இதை உண்மையில் நம்புகிற அந்த ஒரே ஆள் யார் என்று பார்த்துவிடலாம் என்று வேம்புக்குத் தோன்றியது. நேராகத் தாளாளர் வீட்டுக்குப் போனாள்.

அவர் மனைவி பாப்பாத்தியம்மாள் காப்பி கொடுத்தார். “நானா? அய்யய்ய, நான் ஏம்மா சொல்லப்போறேன். எந்தம்பி பொண்டாட்டியே ஒன்னய மாதிரிதான் நிக்கிறா. டிரைவரு பயப்படுறான்னாங்க. வண்டி ஓட்டுறவன் மனசு சஞ்சலப்படக் கூடாதுல்ல.”

மணிவேல் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். “எனக்கென்ன மேடம் பயம்? பொணவண்டியே ஓட்டுனவன் நான்.” துணியைப் பிழிந்தான். பிழிந்து முடிந்த பிறகும் பிழிந்தான். “பொண்ணுங்கதான் மேடம் வந்து கேட்டுச்சுங்க. அப்பயே.”

அதை வேம்பு எதிர்பார்க்கவில்லை.

கேப்டன் ஜெயசித்ராவை மைதானத்து ஓரத்தில் பிடித்தாள். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டுக்காரப் பெண். மூன்று வருடத்தில் தடுப்பாட்டத்தில் அவளைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. வேம்பு ஊட்டி வளர்த்த ஆட்டம் அது.

“சீனியர் அக்காங்க சொல்லிட்டுப் போனது மேடம்” என்றாள் ஜெயசித்ரா, கால் விரலால் மண்ணைக் கிளறியபடி. “ஒங்க மேல ஒண்ணும் இல்ல. நீங்க நாலு ரோட்டுல ஏற ஆரம்பிச்சதுலேருந்து டீம் ஜெயிச்சுக்கிட்டே வருதாம். அதான் மாத்த வேணாம்னு.”

“நான் அஞ்சரைக்கு வந்து விசிலடிச்சதுனால ஜெயிக்கல?”

“அதுவுந்தான் மேடம்” என்றாள் அந்தப் பெண். உண்மையாகவே சொன்னாள்.

வேம்பு அன்று மாலை எல்லோரும் போன பிறகும் கோல்கம்பத்தில் சாய்ந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருடமாக ஒவ்வொரு வெற்றியையும் அவளே பாடுபட்டு உண்டாக்கி, தன்னை ஒதுக்கி வைத்ததற்குச் சாட்சியாக அவளே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் தூரத்தில் நிறுத்துவார்கள். நாளை மறுநாள் கல்லூரியிலேயே பஸ் ஏறி, டீம் தோற்றுவிட்டால்? அதை யோசித்தாள். அந்தப் பழி யார்மேல் விழும் என்பதில் சந்தேகம் இல்லை. வழக்கம்போல நாலு ரோட்டில் ஏறி, டீம் ஜெயித்துவிட்டால்? அதையும் யோசித்தாள். அது தோற்பதைவிட மோசமாக இருந்தது.

இறுதியாட்டத்தன்று கல்லூரி வாசலில் துணிப்பதாகை கட்டியிருந்தார்கள். பஸ்ஸுக்கு மாலை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ராசாங்கம் பெண்ணினம் தடைகளைத் தகர்த்து வருவதைப் பற்றிச் சொன்ன இரண்டு வார்த்தை இருபது நிமிடம் நீண்டது. போட்டோக்காரர் எல்லோரையும் படிக்கட்டருகே ஒதுங்கச் சொன்னபோது, கேட்டுக்குள் வேம்பு நடந்து வந்தாள். டிராக் சூட், கழுத்தில் விசில், கையில் பந்து மூட்டை. நேராகப் பஸ்ஸின் முன்னால் வந்தாள்.

“மேடம், நீங்க நாலு ரோட்டுல…” என்றார் தாளாளர், சிரிப்பைக் கலைக்காமல்.

“இன்னைக்கு இங்கேர்ந்தே வரேன் சார்.”

ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். மணிவேல் தாளாளரைப் பார்த்தான். தாளாளர் மனைவியைப் பார்த்தார். ஆரத்தித் தட்டோடு நின்ற பாப்பாத்தியம்மாள் பெண்களைப் பார்த்தார். பெண்கள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் நம்புவதாக ஆகிவிடும். நல்ல நேரம் முடிய நான்கு நிமிடம்தான் இருந்தது, அதனால் பஸ் கிளம்பியது.

வழக்கமாக அவள் பக்கத்தில் உட்காரும் ஜெயசித்ரா பின்சீட்டுக்குப் போய்விட்டாள். அரியலூர் வரை பாட்டு இல்லை. இடைவேளையில் வேம்பு சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். கண்கள் மட்டும் அவள் தோளைத் தாண்டி எங்கோ இருந்தன. ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில் எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. உயரமான ஒன்பதாம் நம்பர் பெண் தனியாக நின்றாள், தனியாகவே எம்பி முட்டினாள். ஒன்றுக்குப் பூஜ்யம்.

திரும்பும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. நாலு ரோட்டில் மணிவேல் பஸ்ஸை ஓரங்கட்டினான். கதவைத் திறந்தான். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

“எறங்கிக்கிறீங்களா மேடம்? குரும்பலூர் பஸ் வர்ற நேரந்தான்.”

பின்னால் பதினாறு பேரும் அவளுடைய பதிலுக்காகக் காத்திருப்பது முதுகில் தெரிந்தது.

“காலேஜுக்கு விடுங்க மணிவேல்” என்றாள். “இன்னும் வேல முடியல.”

கல்லூரி வாசலில் ஆள் இல்லை. வெற்றிக்காகக் கரைத்து வைத்த ஆரத்தித் தண்ணீர் தட்டோடு சுவரோரம் கிடந்தது. வாட்ச்மேன் மட்டும் எழுந்து வந்தார். “காலையில மொதல்ல அய்யாவ வந்து பாக்கச் சொன்னாங்க மேடம். ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போடறதுக்கு முந்தி.”

“பாக்கறேன்” என்றாள். பெண்கள் விடுதிப் பக்கம் நகரத் தொடங்கினார்கள். வேம்பு விசிலடித்தாள். ஐந்தரை மணி விசில். கால்கள் தாமாகவே நின்றன.

“எல்லாரும் கிரவுண்டுக்கு வாங்க. அந்தக் கார்னருக்கு யார் யார் எங்க நின்னீங்களோ, அங்கங்க நில்லுங்க.”

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே போய் நின்றார்கள். ஒன்பதாம் நம்பர் பெண் நின்ற இடத்தில் வேம்பு தானே போய் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

“நாந்தான் அந்தப் பொண்ணு. எனக்குக் கோல் எப்படிக் கெடச்சுச்சு? சொல்லுங்க. எதுனால தோத்தோம்?”

அவர்களிடம் ஒரு பதில் இருந்தது. அதை அவளுடைய முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல்தான் பதினாறு பேரில் ஒருவருக்கும் இல்லை. வேம்பு காத்திருந்தாள். பழக்கப்பட்ட வேலைதான்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு ஜெயசித்ரா தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு வேம்பு நின்ற இடத்தைப் பார்த்தாள். நடுவில் ஆறேழு அடி இருக்கும்.

“நாந்தான் மேடம்” என்றாள். “அந்தப் பொண்ண நாந்தான் புடிச்சிருக்கணும். பந்தையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.”

“சரி” என்றாள் வேம்பு. “அப்ப வந்து நில்லு, பக்கத்துல.”

ஜெயசித்ரா தயங்கினாள். பிறகு அந்த ஆறேழு அடியையும் நடந்து வந்து, தோள் உரச நின்றாள். வேம்பு மூலையில் நின்ற பெண்ணைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

“போடு பந்த.”