அம்மா சொன்ன படங்கள்

“அந்தக் கப்பல்காரன் இப்போ என்ன பண்றான்?” கண்ணைத் திறக்காமலே கேட்டார் அப்பா. திறந்தாலும் ஒன்றுதான். சர்க்கரை நோய் பார்வையைப் பறித்து இரண்டு வருடம்.

ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பி மூன்று நாளாகிறது. அம்மா குளிக்கப் போயிருந்தாள். கட்டிலோரம் லேப்டாப்போடு மகள் உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்த அப்பாவுக்குப் பழைய வெளிநாட்டுப் படங்கள் என்றால் உயிர். இணையக் காப்பகங்களில் இலவசமாகக் கிடைப்பதை ஒன்றுவிடாமல் பார்ப்பார். பார்வை போனபின் அம்மாதான் பார்த்துக் கதை சொன்னாள். அந்தப் பாஷை அவளுக்குத் தெரியாது. திரையின் கீழே வரும் ஆங்கில வரிகளோ, எழுத்துக்கூட்டுவதற்குள் ஓடிவிடும்.

மகள் கணக்கு டீச்சர். தப்பாக ஒன்றைச் சொல்ல வாய் வராது.

“கப்பல் முழுகிடுச்சுப்பா. அவன் செத்துட்டான். பொண்டாட்டி கரையில நிக்கிறா.”

“செத்துட்டானா? போன மாசம் உங்கம்மா இதே படம் போட்டாளே. நனைஞ்சு வந்து கதவைத் தட்டுவான், அவ சாப்பாடு போடுவா.”

“அம்மாவுக்கு என்னப்பா புரியும்? அவங்களா அடிச்சு விட்டிருப்பாங்க.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாராவாரம் அப்பா போனில் ஒப்பித்த கதைகளில் ஒருவர்கூடச் செத்ததில்லை. எல்லாரும் வீடு திரும்பி, கைகால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார்கள். அவளுக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றியது.

போர்வைமேல் அப்பாவின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

“மலையேறினவன்... அந்த நர்ஸ் பொண்ணு... அப்பனும் பிள்ளையும்... அப்போ எல்லாருமே செத்துட்டாங்களா?”

அவள் பதில் தேடுவதற்குள் மூச்சு ஒருமுறை இழுத்து நின்றுவிட்டது.

ஈரத்தலையோடு ஓடிவந்த அம்மா அழுது ஓய வெகுநேரமாயிற்று. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கடைசியா ஏதாச்சும் கேட்டாரா?” என்றாள்.

“படத்தைப் பத்திதாம்மா.”

“கேப்பாரு. முடிவு தெரியாட்டி தூக்கம் வராதே அவருக்கு. நல்லபடியா சொன்னியா?”

“சொன்னேம்மா.”

அம்மா அப்பாவின் காலருகே உட்கார்ந்தாள். நிறுத்திவைத்த லேப்டாப் திரையில் அந்தப் பெண் இன்னும் கரையில் நின்றிருந்தாள். “எனக்கே இந்தக் கப்பல் படம் விளங்கல. அந்தப் பொண்ணு நின்னு அழறதைப் பார்க்கப் பொறுக்காம நானே அவனைக் கூட்டிட்டு வந்துடுவேன். நீ படிச்சவ, சொல்லு. நிஜமா என்னதான் ஆச்சு அவனுக்கு?”

மகள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“வந்துட்டாம்மா,” என்றாள். “கொஞ்சம் லேட்டா.”