தாழ்வு மண்டலம்

அச்சகத்தில் அவருக்கு ஒற்றர் என்று பெயர். வேவு பார்ப்பவர் என்பதால் அல்ல. வரவேண்டிய இடத்தில் ஒரு ‘க்’ விட்டுப்போனால் அவருக்குச் சோறு இறங்காது. இரங்கல் அறிவிப்பைத் திருத்தக் கொடுத்தாலும் செத்தவர் யாரென்று பார்க்க மாட்டார், ஒற்று மிகுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். பிழையோடு அச்சேறிய ஆத்மாவுக்குச் சாந்தி கிடையாது என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி தையல் மெஷினில் நூல் கோப்பதை நிறுத்தினாள். சில நாள் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு அதுவும் நின்றது. பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். “என்ன செய்யுது?” என்று கேட்டால் “ஒண்ணும் செய்யல” என்பாள். நோயே அதுதான் என்பது ஒற்றருக்கு உறைக்கவில்லை.

கொழுந்தியாளுக்கு உறைத்தது. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். எதிரே வருவதைப் பார்த்துப் பழகிய கண். பெரிய ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் மனநலப் பக்கம் ஒன்றைத் தேடிப்பிடித்து அவருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் போன் செய்தாள்.

“மாமா, அனுப்புனத படிச்சீங்களா?”

“படிச்சேன். உங்கக்காவ புயல்னு போட்டிருக்கான்.”

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிக்காரர்கள் எந்திரத்தைக் கொண்டு தமிழாக்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘டிப்ரஷன்’ என்றே பெயர், அதனால் எந்திரத்துக்கு மனச்சோர்வும் வானிலையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ‘உங்கள் மனைவி தாழ்வு மண்டலமா?’ என்று தொடங்கியது பக்கம். ‘தாழ்வு மண்டலம் இரண்டு வாரம் மேல் நின்றால் மருத்துவர் காண்க. அவளை கேளுங்கள். சாவு நினைப்பு உண்டா கேட்பது அதை விதைக்காது. கீழ் எண் இரவும் விழித்து உள்ளது.’

“எப்ப கரையக் கடக்கும்னு போடலியா?” என்றார் ஒற்றர்.

“நக்கல விடுங்க மாமா. சொன்ன விஷயம் சரியாத்தானே இருக்கு?”

“ஒரு ‘க்’ போடத் தெரியாதவன் உங்கக்காவுக்கு மருந்து போடுவானாக்கும்!”

அவரே தேடலானார். மனவளப் பேரொளி ஒருவரின் பக்கம் அகப்பட்டது. முன்னால் நின்ற பட்டங்களைத் தாண்டிப் பெயரை அடைவதற்குள் மூச்சு வாங்கியது. எந்தப் பட்டத்தை எவர் கொடுத்தார் என்று மட்டும் எங்கும் இல்லை. ஆனால் தமிழ்! ‘துயருற்றோரிடம் துயரைப் பற்றிப் பேசாதீர்கள், பேசப் பேசப் பெருகும். பகலுறக்கத்தைத் தடுத்துவிடுங்கள். கண்ணீரைக் கண்டுகொள்ளாதீர்கள்.’ ஒற்றுகள் ஒவ்வொன்றும் அணிவகுப்பில் சிப்பாய் மாதிரி நின்றன. ஒற்றருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவன் பொய் சொல்வானா? சொல்வான், சம்பளம் கொடுத்துப் பிழை திருத்த ஆள் வைத்திருப்பான். அந்தச் சம்பளத்தையே வாங்கித் தின்கிறவருக்கு அது தோன்றவில்லை.

அன்றிலிருந்து மனைவியை நாற்காலியில் உட்கார வைத்தார். கண் செருகினால் கை தட்டினார். அழுதால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். “ஏங்க, எனக்குள்ள என்னமோ…” என்று அவள் ஆரம்பித்தால், “அதெல்லாம் பேசக் கூடாது, பேசினா பெருகும்” என்று முடித்துவைத்தார். அவளும் ஆரம்பிப்பதை விட்டுவிட்டாள். பேரொளியின் வைத்தியம் வேலை செய்கிறது என்று ஒற்றர் குறித்துக்கொண்டார்.

கையோடு கையாகத் தமிழுக்கும் ஒரு தொண்டு செய்தார். ஆஸ்பத்திரிப் பக்கத்தின் பிழைகளை ஒன்று விடாமல் எழுதி, ‘இத்தகைய தமிழை மக்கள் முன் வைப்பது அவர்களது உயிரோடு விளையாடுவதாகும்’ என்று முடித்து, அனுப்பியும் வைத்தார்.

ஒரு சாயங்காலம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நாற்காலியிலிருந்து மனைவி பேசினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு குரல் தெளிவாக இருந்தது.

“ஏங்க, அடுப்ப எப்படிப் பத்த வைக்கிறதுன்னு பார்த்து வச்சுக்குங்க. நான் இல்லன்னா திண்டாடுவீங்க.”

“ஏன், நீ எங்க போறே?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கவளம் பாதி வழியில் நின்றது.

கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தார். ‘இத்தகைய தருணங்களில் பேச்சைத் திசைதிருப்புங்கள்’ என்றது பேரொளி, பிழையே இல்லாமல். ஒற்றர் அதை மூடினார். புயல் பக்கத்தைத் தேடினார். அது இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘வாசகர் புகாரால் தமிழ் பக்கம் நீக்கம். மண்ணிக்கவும்.’

அந்தப் பக்கம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த வரியில் எந்த ஒற்று விழவில்லை, எந்த உருபு தடம் புரண்டது, எல்லாம் சொல்வார். அடியில் இருந்த அந்த உதவி எண் மட்டும் நினைவுக்கு வரவில்லை. எண்களில் ஒற்றுப் பிழை வருவதில்லை. அதனால் அதை அவர் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரியின் பொது எண்ணில் சங்கீதம் ஓடிக்கொண்டே இருந்தது. கொழுந்தியாள் எடுக்கவில்லை, பேருந்து ஓடும்போது எடுக்க மாட்டாள். ஏதோ நிறுத்தத்திலிருந்து அவளே கூப்பிட்டாள். நடந்ததைக் கேட்டதும் குரல் மாறிவிட்டது.

“மாமா, அக்காவ ஒரு நிமிஷம் தனியா விடாதீங்க. வண்டிய வேற ஆள்கிட்ட குடுத்துட்டு வந்துடறேன், நேரா ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிடலாம். அதுவரைக்கும் பக்கத்துல உக்காந்து கேளுங்க.”

“என்னம்மா கேக்கறது?”

“அதத்தான் அந்தப் பக்கத்துல போட்டிருந்துச்சே மாமா!”

‘அவளை கேளுங்கள்.’ ‘அவளிடம்’ என்று வர வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியவர் அவர்தான். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். கேள்வியை மனசுக்குள் எழுதினார், திருத்தினார், அடித்தார், மறுபடி எழுதினார். ஒன்றும் அச்சுக்குப் போகிற மாதிரி இல்லை.

“போன்ல என்ன போட்டிருக்கு? அப்படிப் பார்க்கறீங்க?” என்றாள் அவள்.

“மன்னிக்கவும்னு போட்டிருக்கு.”

மூன்று சுழியா இரண்டு சுழியா என்பது காதுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

“யாரு, யார்கிட்ட?”

ஒற்றர் வாயைத் திறந்தார். முதல் எழுத்தே வரவில்லை. தெருவில் ஏதோ ஒரு பேருந்து நின்று, யாரையும் இறக்காமல் போயிற்று.