நவமியன்று நிறுத்திய பம்பி

நவமி பூசைக்காக ஆய்வுகூடத்தைக் கழுவித் துடைத்து, கருவிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார் விரிவுரையாளர் சுதாகரன். அன்றைக்குக் கருவிகளுக்கும் ஓய்வு. பொட்டு வைத்து ஒவ்வொன்றாக நிறுத்துவது அவர் வழக்கம். வெற்றிடப் பம்பியின் சுவிச்சில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். போன வருடமும் இதே கையால் அதை நிறுத்தியது ஞாபகம் வந்தது.

பற்றரிக்குள் ஊற்றுகிற அயனித் திரவம்தான் அவருடைய ஆராய்ச்சி. அது உப்புத்தான், ஆனால் சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும், இலேசில் தீப்பற்றாது. ஒரே ஒரு கெட்ட குணம், காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். நாட்கணக்கில் சூடேற்றி, பம்பியால் காற்றை இழுத்துக்கொண்டே உலர்த்த வேண்டும். பம்பி நின்றால் ஈரக்காற்று உள்ளே புகுந்துவிடும். ஈரம் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும்.

போன வருடம் அந்தக் கடத்துதிறனைப் பார்த்துத்தான் மனுசன் தலைகால் தெரியாமல் துள்ளினார். தண்ணீர் இருக்கிறதா என்று சோதிக்கக்கூடப் பொறுமையில்லாமல் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பிவிட்டார். அங்கே பற்றரிகள் எல்லாம் ஊதிப் பழுதாயின. திரவம் முழுக்க ஈரம் என்று பதில் வந்தது.

உலர்த்தும் பொறுப்பு அவருடைய ஆராய்ச்சி மாணவி ஐரிஸுடையது. எல்லோருக்கும் முன்னால் அவளை ஏசினார். கலாநிதிப் பட்டத்துக்கு அதே வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அவளை அனுப்பக் கொடுத்த சிபாரிசையும் திருப்பி எடுத்துக்கொண்டார். அவள் மறுத்து ஒன்றும் கதைக்கவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கப் போய்விட்டாள்.

பம்பியை ஓடவிட்டபடியே, சந்தனக் கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மானிப்பாயில் அவள் வீட்டுக்குப் போனார் சுதாகரன். ஐரிஸ் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐரிஸ், பிழை உம்மிலை இல்லை. பூசைக்குப் பம்பியை நிப்பாட்டினது நான்தான்."

"ஓம் சேர், தெரியும்."

"தெரியுமோ?"

"அண்டைக்குப் பின்னேரம் வந்து பார்த்தனான். சுவிச்சிலை சந்தனப் பொட்டு. திருப்பிப் போடுவம் எண்டு கையைக் கொண்டு போனனான். சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெட்டை பூசையைக் குழப்பிப் போட்டாள் எண்டு நினைச்சிடுவியளோ எண்டு விட்டிட்டன். அடுத்த நாள் நீங்கள் பம்பியைப் போட்ட உடனை, இன்னும் கொஞ்சம் காயட்டும் சேர் எண்டு சொல்லிப் பார்த்தனான். நீங்கள் கேக்கேல்லை."

"நான் ஏசேக்கையாவது சொல்லியிருக்கலாமே!"

"உங்கடை சாமியிலை பழி போட்ட மாதிரியெல்லோ இருக்கும்?"

சுதாகரனுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. "இண்டைக்கே அவையளுக்கு எழுதுறன். அந்த இடம் உமக்கு..."

"அதுக்கு ஆள் எடுத்திட்டினம் சேர். போன மாசமும் அவையின்ரை இணையத்தளத்திலை பார்த்தனான்."

ஈரத் துணியை உதறிக் கொடியில் விரித்தாள். பிறகு, "பம்பி இப்ப ஓடுதோ?" என்று கேட்டாள்.

"ஓடுது."

"அப்ப இந்த முறை சரியா வரும்" என்றாள் ஐரிஸ். அதில் குத்தல் துளிகூட இல்லை. அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.